அப்பா மருந்து கொடுத்த பன்னிரண்டு எலிகள்

எலியின் பின்னங்காலைப் பாதரசத்தில் முக்கி எடுப்பதுதான் இரண்டு வருடம் என் படிப்பு. என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் எம்.ஃபார்ம், மருந்தியல் என்பேன். கேட்டவர் முகத்தில் மரியாதை வரும். நான் செய்தது இவ்வளவுதான். ஒரு வெள்ளை எலியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் வலது பின்னங்காலின் அடியில் ஊசி குத்தி, கடல்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொடியின் கரைசலை ஒரு சொட்டு ஏற்றுவேன். ஒரு மணி நேரத்தில் கால் சிவந்து தடிக்கும். மூன்று மணி நேரத்தில் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். கணுக்காலில் முன்பே மையால் ஒரு கோடு போட்டிருப்பேன். அந்தக் கோடு வரை காலைப் பாதரசக் குழாய்க்குள் முக்கினால் பக்கத்துக் குழாயில் மட்டம் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். எலி கத்தும், நான் நோட்டில் எழுதுவேன்.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தபோது என் கைடுதான் சொன்னார், ஹோமியோபதியில் மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கிற ரஸ் டாக்ஸ் என்ற செடி மருந்தை எலிகளிடம் சோதித்துப் பார் என்று. அவர் கன்னடக்காரர். "ஒள்ளே டாபிக் ரீ, மாடி," நல்ல தலைப்பு, செய் என்று தோளைத் தட்டாத குறையாக உற்சாகப்படுத்தினார். அது எனக்கும் தெரிந்தது. அவருக்குத் தெரியாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது. என் அப்பா.

அப்பா ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சின்ன வயதிலேயே யாரோ கொடுத்த ஒரு தடிப் புத்தகத்தைப் படித்து ஹோமியோபதி கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து பெங்களூரில் இப்படித் தொழிற்சாலைக்கு ஒருவர் இருப்பார். மரப்பெட்டி, அதில் வரிசையாகக் குட்டி பாட்டில்கள், ஒரு நோட்டு. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை எங்கள் முன்னறை பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ், கன்னடம், உருது எல்லாம் அந்த பெஞ்சில் கேட்கும். அப்பா எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பார்: வலி நடந்தால் குறைகிறதா கூடுகிறதா, வெந்நீர் பட்டால் சுகமா, படுத்தால் எந்தப் பக்கம். கேட்டுவிட்டு நாலு சர்க்கரை உருண்டையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். எதுவும் வாங்க மாட்டார். தெருவே அவரை டாக்டர் அண்ணா என்று கூப்பிட்டது. ரிட்டயர் ஆன பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அவர் சொல்லும் விதிகள் எனக்கு மனப்பாடம். வாயைச் சுத்தமாகக் கொப்பளித்துவிட்டு மருந்தைப் போட வேண்டும். அரை மணி முன்னும் அரை மணி பின்னும் வயிற்றில் எதுவும் விழக் கூடாது. காப்பி கூடாது. அவரே முப்பது வருடமாகக் காப்பி குடிக்கவில்லை. அவருக்கு இரண்டு முட்டியும் வீக்கம். அதற்கு ரஸ் டாக்ஸ். "எழுந்திரிக்கும்போது உயிர் போவும், நாலு அடி நடந்தா சரியாப்பூடும். அதுக்கு இந்த மருந்துதான்," என்பார். எனக்குத் தெரிந்து அந்த முட்டி ஒருநாளும் வற்றியதில்லை.

என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் இடது காதில் சீழ் வந்தது. மூன்று மாதம் அப்பா உருண்டை கொடுத்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை. சீழ் நின்றது, கேட்பதும் நின்றது. அம்மா செத்துப்போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என் இடது பக்கமாக வந்து பேசினால் நான் திரும்ப மாட்டேன். கேட்கவில்லை என்பது பாதி, கேட்காத மாதிரி இருப்பது பாதி. ஒரு தடவைகூட அவர் அதற்காக வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் நான் அவருடைய மருந்தைச் சோதிக்கப் போகிறேன் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். "எம் பொண்ணு காலேஜ்ல எலிக்குக் குடுத்து ப்ரூவ் பண்ணப் போவுது. இனிமே எவனும் சர்க்கரைத் தண்ணின்னு சொல்ல முடியாது." நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஆய்வு சுலபமாகத்தான் இருந்தது. ஆறு எலிகளுக்கு மருந்து இல்லாமல், அதைக் கரைக்கிற ஸ்பிரிட் கலந்த வெறும் தண்ணீர். ஆறு எலிகளுக்கு இண்டோமெத்தசின் என்ற இங்கிலீஷ் வலி மருந்து. மற்றவற்றுக்கு ரஸ் டாக்ஸ். ஒரு வாரம் தினமும் மருந்து, கடைசி நாள் காலில் ஊசி. எந்தக் கூண்டுக்கு என்ன மருந்து என்று அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது, பாட்டிலில் எழுத்து மட்டும் இருக்கும். முந்தின நாளே எலிகளைப் பட்டினி போடுவோம். எல்லாம் முடிந்ததும் ஈத்தர் ஜாடியில் போட்டுக் கொன்று வயிற்றைக் கிழித்துப் பார்ப்போம். இண்டோமெத்தசின் கொடுத்த எலிகளின் கால் நன்றாக வற்றியிருந்தது. ஆனால் இரைப்பையைத் திறந்தால் உள்ளே கறுப்புக் கோடுகள், அங்கங்கே ரத்தம் கசிந்து உறைந்திருக்கும். பட்டினி வயிற்றில் அந்த மருந்து அப்படித்தான் செய்யும். அதையும் என் கையால் நோட்டில் எழுதினேன். ரஸ் டாக்ஸ் எலிகளின் இரைப்பை சுத்தமாக இருந்தது. கால் மட்டும், வெறும் ஸ்பிரிட் குடித்த எலிகளின் கால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

வீட்டில் சொன்னேன், பாட்டில் விதியையும் கால் கணக்கையும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"எல்லா எலிக்கும் ஒரே மருந்தா குடுத்த?"

"ஆமா."

"அதான் தப்பு. ஆளப் பாக்காம மருந்து குடுக்கறது உங்க இங்கிலீஷ் வைத்தியம். எந்த எலி அசையாம குந்திக்கினு இருக்குது, எந்த எலி சும்மா சும்மா எடம் மாத்துது, அத்த நீ பாத்தியா? அசையாம இருக்கறதுக்கு பிரையோனியா. எடம் மாத்தறதுக்குத்தான் ரஸ் டாக்ஸ். என்னைக் கூட்டிக்கினு போ, நான் கேஸ் எடுக்கறேன்."

பெஞ்சில் ஆட்களிடம் கேட்பதுபோல எலிகளிடம் கேஸ் எடுக்கப் போகிறார் என் அப்பா. என் கைடிடம் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா, எனக்கென்ன, மிச்சம் இருக்கிற எலிகள்தானே என்றார். அன்றைக்கே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. சனிக்கிழமை இரண்டு பாட்டில்களைக் கழுவி, இரண்டிலும் வெறும் ஸ்பிரிட்டை ஊற்றி, ஒன்றில் ரஸ் டாக்ஸ் என்றும் இன்னொன்றில் பிரையோனியா என்றும் அழகாக எழுதி ஒட்டினேன்.

ஞாயிறு காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இரண்டு பஸ் மாறி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி, எலி அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பன்னிரண்டு எலிகளுக்கு நான் அவர் எதிரிலேயே காலில் ஊசி குத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நோட்டை விரித்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். அவசரமே இல்லை. ஒரு எலி காலை நக்கியது, எழுதினார். ஒன்று மூலையில் கண்ணை மூடி ஒடுங்கிக் கிடந்தது, எழுதினார். ஒன்றின் கூண்டுக்கு முன்னால் விரலை நீட்டி, "உனுக்கு இன்னாடா பிரச்சனை?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய முட்டிகள் ஸ்டூலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தன. மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார். ஏழு எலிகளுக்கு ரஸ் டாக்ஸ், ஐந்துக்கு பிரையோனியா என்று முடிவு செய்தார். நான் அவர் சொன்ன பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாகக் கொடுத்தேன். எதற்காக இதெல்லாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. அவரை ஏமாற்றுவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாளும் வந்தார். அந்த வீக்கம் எந்த மருந்தும் இல்லாமலே மறுநாள் வடியத் தொடங்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எலியாகப் பார்த்து, ஒன்பது எலிகள் குணம், மூன்று சரியில்லை என்று கணக்கெழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு இடம் பிடித்த நான் வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். ஒன்றும் விட்டுப்போகாமல் கேட்க வேண்டும் என்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பக்கத்து லைனில் இருக்கும் உருது பேசும் அம்மா ஒருத்தி பேரனோடு வந்திருந்தாள். அப்பா எலிகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பன்னெண்டுல ஒம்போது. காலேஜுல, லேப்புல. நம்ம ஆஸ்டின் டவுன் மருந்து." அந்த அம்மா, "தேக்கோ பேட்டி, பாரும்மா, நான் சொல்லல? உங்க அப்பா கைராசி," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் சமையலறை வாசலில் நின்றபடியே சொன்னேன். "அந்த ரெண்டு பாட்டில்லயும் மருந்தே இல்லப்பா. வெறும் ஸ்பிரிட்டு. நான்தான் ஊத்தி வெச்சேன். அந்த வீக்கம் தானா வடியும்."

அந்த அம்மா கையிலிருந்த காகித மடிப்பைப் பார்த்தாள்.

"ரெண்டுமே ஸ்பிரிட்டா?" என்றார் அப்பா.

"ரெண்டுமே."

அவர் நோட்டைப் புரட்டினார். வெகுநேரம் பார்த்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார். "அப்ப அந்த மூணு எலிக்கு ஏன் சரியாவல?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். பேரன் எதற்கென்றே தெரியாமல் கெக்கெக்கென்று சிரித்தான். அப்பா எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். என் காதுக்கு இது சரியாகப் போயிற்று என்று நான் நினைத்தேன், சத்தியமாக அந்த வார்த்தையிலேயே நினைத்தேன்.

அடுத்த வாரம் பெஞ்சில் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் யாரும் இல்லை. பிறகு எப்போதாவது வந்த ஓரிருவரையும் அப்பாவே, "ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, எனக்குத் தெரியாது," என்று அனுப்பினார். தான் சாப்பிடும் உருண்டையையும் நிறுத்திவிட்டார். முட்டி இன்னும் வீங்கியது. காலையில் கட்டிலில் இருந்து எழுவதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் ஆகும். அந்த முனகல் சத்தம் எனக்கு நல்ல காதில் விழும். ஒரு நாள் அவரே கேட்டார்.

"நீ எலிக்குக் குடுத்தியே, கால் வத்திச்சின்னு சொன்னியே. அது எனக்குக் குடு."

வாங்கி வந்தேன். இண்டோமெத்தசின் கேப்சூல். ஜெயித்தவளுக்கு இருக்கும் அலட்சியத்தோடு மேஜைமேல் போட்டேன். "தினம் மூணு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மூன்றே நாளில் முட்டி வற்றியது. அப்பா ஜான்சன் மார்க்கெட் வரை நடந்து போய் வாழைப்பழம் வாங்கி வந்தார். "வேலை செய்யுது உன் மருந்து. நான் இத்தினி வருசமா முட்டாளா இருந்துட்டேன்," என்றார். நான் மறுக்கவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அப்பா குழாயடியில் வாயை மூன்று தடவை கொப்பளித்தார். கேப்சூலைப் போட்டுக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்தார். அரை மணி ஆக வேண்டும் என்று. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மூன்று வேளையும் இப்படித்தான், பட்டினி வயிற்றில்தான் போடுகிறார். இரைப்பையைக் கிழித்து உள்ளே பார்த்தவள் நான். ஒரு வாக்கியம் போதும், அப்பா சாப்பிட்டுட்டுப் போடு. ஆனால் அதைச் சொன்னால் ஏன், எதற்கு, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், பஸ் போய்விடும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று படி இறங்கினேன். சாயங்காலம் ஆய்வறிக்கை டைப் செய்யக் கொடுக்கும் வேலை இருந்தது. மறுநாளும் இருந்தது. மறந்துவிட்டேன் என்று ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஆனாலும் கொஞ்சம் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

பத்தாம் நாள் காலை குளியலறையில் விழுந்து கிடந்தார். தரையெல்லாம் கறுப்பாக வாந்தி. பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாக ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாளாகவே மலம் தார் மாதிரி போயிருக்கிறது. அது ரத்தம் என்று அவருடைய புத்தகத்தில் இருக்கிறது, அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. மருந்தைக் குறை சொல்வதாக நான் நினைத்துக்கொள்வேன் என்று பயந்திருக்கிறார். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் கண் விழித்துப் பேசினார்.

வார்டு டாக்டர் சின்னப் பையன், சேலத்துப் பக்கம். "மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறந்தானே போட்டீங்க?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். சுத்த வாயில. அரை மணி முன்னாடி, அரை மணி பின்னாடி தண்ணிகூடத் தொடல," என்றார் அப்பா. ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர் என்ற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்மசி படிக்கிறீங்க இல்ல? சொல்லலையா?"

"சொன்னேன் சார். அவர் கேக்கல," என்றேன்.

இவ்வளவு சீக்கிரமாக ஒரு பொய் என் வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. அப்பா என்னைப் பார்த்தார். அவர் கையில் ரத்தக் குழாய் செருகியிருந்தது. பிறகு டாக்டரிடம், "ஆமா டாக்டர், சொல்லுச்சி. நான்தான் பழக்க தோசத்துல மறந்துட்டேன்," என்றார். டாக்டர் அவரைத் திட்டினார். இனி உயிர் உள்ளவரை எந்த வலி மாத்திரையும் தொடக் கூடாது என்றார். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு எதுவுமே இல்லை. இங்கிலீஷ் மருந்து கூடாது. ஹோமியோபதி பெட்டி பரண்மேல். முட்டிகள் மறுபடி வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டன. கழிப்பறைக்குப் போக நான் தோள் கொடுக்க வேண்டும். இரவும் பகலும் ஒரே வலி. நான் செய்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உருண்டையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், நானே அளந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்றும் இல்லாததை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருடம் எழுந்து நடந்திருக்கிறார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. சிவாஜி நகருக்குப் போய் ஹோமியோபதி கடையில் ரஸ் டாக்ஸ் வாங்கினேன். சீல் உடைக்காத பாட்டில், அவர் எப்போதும் சாப்பிடுகிற அதே வீரியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை நீட்டினேன்.

"இன்னாது?"

"ரஸ் டாக்ஸ். உன் மருந்துப்பா. சாப்பிடு."

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். "ஸ்பிரிட்டு வாசனைதான் வருது," என்றார்.

"எல்லாத்துலயும் அதான் வரும். உனக்குத் தெரியாதா? சீல் பாரு, நான் தொடல. அம்மா மேல சத்தியமா நிஜ மருந்து."

அந்த வீட்டில் நான் அவரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது நிஜம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. முடியவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு உள்ளங்கையில் நாலு உருண்டையைக் கொட்டி நாக்கில் போட்டுக்கொண்டார்.

"போட்டாச்சி. மணி மூணே கால். எழுதிக்க."

"எதுக்குப்பா எழுதணும்?"

"எது மருந்து, எது ஸ்பிரிட்டுன்னு எங்கிட்ட சொல்லாத. நான் எந்தக் கூண்டுன்னும் சொல்லாத. அதானே உங்க ரூலு?"

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை. வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, நான் அளப்பதற்காக வலது காலை என் பக்கமாக நீட்டினார்.